சின்னப் பெட்டியில் ஒரு பேய் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்தால் வேலூரில் சில பள்ளிகளிலிருந்து "ஹாலோவீன் கிராஃப்ட் கொண்டுவரவும்" என்று ஒரு சீட்டு வந்துவிடுகிறது. கொலு பொம்மைகளைப் பேப்பரில் சுற்றிப் பரணில் ஏற்றுவதற்குள் பிள்ளை இன்னொரு அட்டைப்பெட்டி கேட்டு நிற்கிறது. சத்துவாச்சாரி, காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன்.

ஹாலோவீன் என்றால் என்ன? சுருக்கமாக.

அக்டோபர் 31 இரவு. மறுநாள் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர் அனைவருக்குமான திருவிழா. அதற்கு முந்தின இரவுதான் இது. நவம்பர் 2 நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் இறந்தவர்கள் நடமாடுவார்கள் என்ற பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. அதுவும் இதோடு கலந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குப் போனபோது இதையும் எடுத்துப் போனார்கள். இப்போது நாம் பார்க்கும் பூசணி, மாறுவேடம், மிட்டாய் எல்லாம் பெரும்பாலும் அமெரிக்க வடிவம்.

எந்தப் பெட்டி நல்லது?

செருப்புப் பெட்டி. நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவுமாக இருக்கிற வட்டாரம் இது. யாராவது ஒரு சொந்தக்காரர் ஷூ கம்பெனியில் இருப்பார். அந்த அட்டை கெட்டியாகவும் இருக்கும், மூலை நேராகவும் இருக்கும்.

அடுத்தது மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மருந்துப் பெட்டிகள். ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊர், கேட்டால் கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அவை மெல்லிசு; இரண்டு அட்டையை ஒட்டித்தான் ஒரு சுவர் எடுக்க வேண்டும். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். நெய் இறங்கிய அட்டையில் பசையும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. எறும்பு மட்டும் வரும்.

அளவு எப்படிக் கணக்குப் போடுவது?

பெரியவர்களுக்கான ஷூ பெட்டி ஏறக்குறைய 12 அங்குல நீளம், 7 அங்குல அகலம், 4½ அங்குல உயரம் இருக்கும். இதற்கு 1:24 அளவு சரியாக வரும். அதாவது நிஜத்தில் ஒரு அடி, பெட்டியில் அரை அங்குலம். அப்போது உங்கள் வீடு 24 அடி நீளம், 14 அடி ஆழம், 9 அடி உயரம். ஒரு பழைய ஓட்டு வீட்டுக்குக் கச்சிதம். வாசல் உயரம் 6 அடி என்றால் 3 அங்குலம், ஆள் உயரம் 5½ அடி என்றால் 2¾ அங்குலம்.

ஒரே அளவை விடாமல் பிடியுங்கள். கதவு ஒரு அளவு, நாற்காலி ஒரு அளவு என்று போனால் அது பொம்மைக் கடையாகத் தெரியும், வீடாகத் தெரியாது.

படங்களில் வருவதுபோல் கூம்புக் கூரை பங்களாதான் செய்ய வேண்டுமா?

அது அமெரிக்காவின் பழைய வீடு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பணக்காரர்கள் கட்டிய கூம்புக் கோபுரம் வைத்த மர வீடுகள், பிறகு ஃபேஷன் போய், பராமரிப்பு இல்லாமல் பாழாகி நின்றன. அவர்களுடைய பேய்க் கதைகள் அங்கே போய்க் குடியேறின. அந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்த வீட்டைப் பார்த்தாலே பயம் வரும், ஏனென்றால் அவன் தெருமுனையில் அப்படி ஒன்று இருந்திருக்கும்.

நம் தெருமுனையில் இருந்தது அதுவா? திண்ணை வைத்த நாட்டு ஓட்டு வீடு. மரத்தூண் ஒன்று சாய்ந்திருக்கும், பங்காளிச் சண்டையில் பாகம் பிரியாமல் பூட்டிக் கிடக்கும், கூரையில் அரசங்கன்று முளைத்திருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் போகாதே என்று பாட்டி சொன்ன வீடு அதுதான். ஆகவே அதையே செய்யுங்கள். பள்ளியில் இருபது கூம்புக் கூரை வீடுகள் வரிசையாக நிற்கும்போது ஒரே ஒரு திண்ணை வீடு இருந்தால் டீச்சர் எங்கே நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

செய்வதும் சுலபம். பெட்டியைப் படுத்தவாக்கில் வைத்தால் நான்கு சுவரும் தரையும் தயார். முன்சுவரில் ஒரு வாசல், ஒரு கம்பி ஜன்னல். முன்னால் 2 அங்குல அகலத்துக்கு அட்டையைப் பெட்டி போல மடித்து ஒட்டினால் திண்ணை. தூணுக்குச் சீன உணவகத்தில் தரும் மூங்கில் குச்சி, அதன் தலையில் ஒரு சிறு சதுரக் கட்டை. ஜன்னல் கம்பிக்கு ஊதுவத்திக் குச்சி.

ஓட்டுக்கூரை எப்படி?

இதுதான் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது, நேரம் எடுத்துச் செய்யுங்கள். ஆன்லைனில் பொருள் வரும் பழுப்பு அட்டைப்பெட்டியை எடுத்து, மேல் காகிதத்தை ஈரத்துணியால் துடைத்து ஒரு நிமிடம் விட்டு உரியுங்கள். உள்ளே அலை அலையான தாள் வெளியே வரும். அதை அரை அங்குலப் பட்டைகளாக, அலைக்குக் குறுக்கே வெட்டிக்கொள்ளுங்கள்.

கூரைக்கு 13 அங்குல நீளம், 4½ அங்குல அகலத்தில் இரண்டு அட்டைகள். இறவாணத்தில், அதாவது கீழ் விளிம்பில் தொடங்கி, ஒரு பட்டையின் மேல் அடுத்த பட்டை கொஞ்சம் ஏறும்படி மேல்நோக்கி ஒட்டிக்கொண்டு போங்கள். மேலிருந்து கீழே ஒட்டினால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் போகிற கூரையாகிவிடும். கொத்தனார் யாராவது பார்த்தால் சிரிப்பார். ஒட்டி முடித்தபின் இரண்டு இடத்தில் பட்டையைப் பிய்த்து, அடியில் உள்ள அட்டையையும் ஓட்டையாக்கி, ஊதுவத்திக் குச்சிகளைச் சட்டமாக வையுங்கள். ஓடு சரிந்த கூரை. உச்சியில் ஒரு காய்ந்த செடிக் கொம்பு.

கூரையை நிரந்தரமாக ஒட்டாதீர்கள். கழற்றி மாட்டும்படி இருந்தால்தான் உள்ளே விளக்கு, பேட்டரி மாற்ற முடியும்.

சுவரைப் பழசாகக் காட்டுவது எப்படி?

கறுப்பை அப்பினால் பழசாகாது, அழுக்காகும். பழைய சுவர் எப்படிக் கெடுகிறது என்று யோசியுங்கள். எல்லாம் தண்ணீர் செய்கிற வேலை. கூரையிலிருந்து வடிந்த தண்ணீர் மேலிருந்து கீழே கோடுகளாக இறங்கியிருக்கும். தரையிலிருந்து ஏறிய ஓதம் கீழிருந்து ஒரு முழ உயரம் வரை பூத்திருக்கும். ஜன்னல் கம்பியின் அடியில் துருக்கறை. இந்த மூன்று இடத்திலும் மட்டும் அழுக்கு வையுங்கள், மற்ற இடத்தை விட்டுவிடுங்கள்.

அடி வண்ணம் நீலம் கலந்த சுண்ணாம்பு வெள்ளை. கீழே ஒரு காவிப் பட்டை. இது காய்ந்ததும் திக்கான காபி டிகாக்ஷனைத் தொட்டுக் கூரையோரத்திலிருந்து வடிய விடுங்கள். ஓதத்துக்குப் பச்சையும் பழுப்பும் நிறையத் தண்ணீரில் கரைத்துப் பூசி, துணியால் ஒற்றி எடுங்கள்.

வெடிப்பு விட்ட பூச்சு வேண்டுமென்றால் இப்படி: சுவரில் ஃபெவிகாலைக் கொஞ்சம் தடிமனாகத் தடவுங்கள். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும் நிலையில், முழுதும் காயும் முன், அக்ரிலிக் பெயிண்டை ஒரே இழுப்பில் பூசுங்கள். மேல்பூச்சு சீக்கிரம் காயும், அடியிலிருக்கும் பசை மெதுவாகக் காயும். அந்த இழுபறியில் பூச்சு தானாக வெடிக்கும். திரும்பத் திரும்பப் பிரஷ் ஓட்டினால் வெடிப்பு வராது. வேலூர் மே மாத வெயிலில் இது அற்புதமாக வரும். ஆனால் ஹாலோவீன் வருவதோ வடகிழக்குப் பருவமழை நேரத்தில். ஃபேனடியில் வையுங்கள், ஹேர் டிரையர் இருந்தால் இன்னும் நல்லது.

பெயிண்ட் அடித்ததும் அட்டை வளைந்துவிடுகிறதே?

ஒரு பக்கம் மட்டும் அடித்திருப்பீர்கள். ஈரம் பட்ட பக்கம் விரிந்து, காயும்போது சுருங்கி இழுக்கிறது. மறுபக்கமும் ஒரு பூச்சு கொடுத்தால் இழுப்பு சமமாகும். முடிந்தால் வெட்டும் முன்பே இரண்டு பக்கமும் பிரைமர் போல வெள்ளை அடித்துவிடுங்கள்.

எந்தப் பசை?

அட்டைக்கும் மரக்குச்சிக்கும் ஃபெவிகால். ஹாட் க்ளூ கன் சட்டென்று பிடிக்கும், ஆனால் வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் இளகிவிடும். அதன் நூலிழைகள் மட்டும் சிலந்தி வலைக்கு நன்றாக உதவும். மைதா பசை மலிவு. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், கரப்பான் தின்னும். பைண்டிங்காரர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். பிள்ளைகள் கைபடுகிற பொருளில் வேண்டாம். ஃபெவிக்விக்கைக் கண்ணாடித்தாள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டாலே தாள் வெள்ளையாகப் பூத்துவிடும்.

உள்ளே என்ன வைப்பது? எலும்புக்கூடு, வௌவால் எல்லாம் லாங் பஜாரில் கிடைக்குமா?

பிளாஸ்டிக் பல்லியும் சிலந்தியும் கிடைக்கும். ஆனால் 1:24 வீட்டில் அந்தச் சிலந்தி கன்றுக்குட்டி சைசில் நிற்கும். சிரிப்புத்தான் வரும்.

என் கட்சி இது: பேயை வைக்காதீர்கள், போனவர்களுடைய தடத்தை வையுங்கள். யாரோ இருந்தார்கள், திடீரென்று இல்லை, அல்லது இன்னும் இருக்கிறார்கள் என்று வீடு சொல்ல வேண்டும். கூடத்தில் தினக் காலண்டர் ஒரு தேதியில் நின்றிருக்கட்டும். சுவரில் ஒரு செவ்வகம் மட்டும் வெளிறிப்போய், மேலே ஒரு ஆணி. அங்கே ஒரு படம் மாட்டியிருந்தார்கள், யாரோ கழற்றிவிட்டார்கள். ஊஞ்சலின் ஒரு பக்கச் சங்கிலி அறுந்து தொங்கட்டும். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. ஆம்பூர் பக்கத்துத் தோல் துண்டு நகக்கண் அளவு கிடைத்தால் அதிலேயே செய்யலாம். கதவில் வெளிப்பூட்டு, உள்ளே விளக்கு எரிகிறது. விட்டத்திலிருந்து பழைய புடவைத் துணியில் ஒரு தூளி. தூளி காலியாக இருக்கட்டும். கொஞ்சம் பாரம் இருப்பதுபோல் கீழே தொய்ந்தால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் எதுவும் எடுபடாது. மூன்று போதும். ஒன்றே ஒன்றுதான் வைக்கலாம் என்றால் நான் கோலத்தை வைப்பேன். ஓடு சரிந்து, திண்ணை இடிந்து, தூசி படிந்த வீடு. வாசலில் மட்டும் சாணம் தெளித்து, இன்று காலையில் போட்டதுபோல் பளிச்சென்று ஒரு புள்ளிக்கோலம். பல்குத்தும் குச்சியில் வெள்ளை அக்ரிலிக்கைத் தொட்டுப் போடுங்கள். பெரியவர்கள்கூட ஒரு நொடி நிற்பார்கள்.

பிள்ளை பேய் வேண்டும் என்றே அடம் பிடிக்கிறது. என்ன செய்ய?

அப்படியானால் நன்றாகவே காட்டிவிடலாம். 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் பேயை வரவழைத்துக் காட்டிய வித்தை ஒன்று உண்டு. யோசனை ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளருடையது, பெயர் வாங்கியவர் பெப்பர். சாய்த்து வைத்த கண்ணாடி, மறைவில் ஒரு ஆள், அவர்மேல் வெளிச்சம், அவ்வளவுதான். இரவில் பஸ் ஜன்னலில் உங்கள் முகமும் வெளியே உள்ள மரமும் சேர்ந்து தெரிகிறதே, அதே விஷயம்.

ஷூ பெட்டிக்கு இது பொருந்திப்போகிறது. பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு, இடப்பக்கம் 7 அங்குலம் கூடம், வலப்பக்கம் மிச்சமுள்ள 5 அங்குலம் மறைவறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் சுவர் வேண்டாம். ஓஎச்பி ஷீட் (கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒன்றை 10 அங்குல நீளம், பெட்டி உயரத்துக்கு வெட்டி, கூடத்தின் முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்குக் குறுக்கே நிற்க வையுங்கள். 45 பாகை வந்துவிடும். சுருக்கமோ வளைவோ இல்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். மறைவறை முழுக்கப் பளபளப்பில்லாத கறுப்பு அடியுங்கள். அங்கே வெள்ளைக் காகிதத்தில் வெட்டிய 2¾ அங்குல உருவத்தைக் கூடத்தைப் பார்த்தபடி நிற்க வைத்து, அதன்மேல் மட்டும் ஒரு வெள்ளை எல்இடி விழும்படி வையுங்கள். கூடத்துப் பின்சுவரில், உருவம் வந்து விழும் இடத்தில் ஒரு கறுப்பு வாசல் வரைந்துவிடுங்கள்.

முன்சுவர் ஜன்னல் வழியே பார்த்தால் காலிக் கூடம். சுவிட்சைப் போட்டால் பின்சுவருக்கும் அப்பால், அந்த வாசலுக்குள் ஒரு உருவம் நிற்கும். உருவம் ஷீட்டிலிருந்து எவ்வளவு தூரமோ, அதே தூரத்தில் ஷீட்டுக்குப் பின்னால் தெரிவதால்தான் பெட்டிக்கு வெளியே நிற்பதுபோல் இருக்கிறது. ஜன்னலைச் சின்னதாக, கூடத்தின் நடுவில் வையுங்கள்; வலப்பக்கம் எட்டிப் பார்த்து உருவத்தை நேரே கண்டுபிடிக்க முடியாதபடி ஜன்னலின் உட்புறம் ஒரு சிறு தடுப்பு. கூடத்தில் வெளிச்சம் குறைவாகவே இருக்க வேண்டும். வகுப்பறையில் டியூப்லைட் நேராக அடித்தால் வித்தை படுத்துவிடும், பெட்டியைச் சுவரோரம் வைக்கச் சொல்லுங்கள்.

இடம் வலம் மாறித் தெரியும் என்பதையும் மறக்காதீர்கள். பேய் வலது கையைத் தூக்க வேண்டுமென்றால் நீங்கள் இடது கையைத் தூக்கி வெட்ட வேண்டும்.

விளக்குக்கு என்ன?

சிஆர்2032 பட்டன் பேட்டரி 3 வோல்ட் தரும். ஒரு எல்இடியை அப்படியே எரிக்கும். நீளக் கால் பிளஸ் பக்கம். வெள்ளையைவிட மஞ்சள் எல்இடி வீட்டுக்கு நல்லது, பழைய சிம்னி விளக்கு போல இருக்கும். விளக்கு கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதன் வெளிச்சம் மட்டும் தெரிய வேண்டும். வீடு முழுக்க எரிய விடாதீர்கள். ஒரே ஒரு ஜன்னல் எரிந்தால் போதும். ஜன்னலுக்கு உள்ளே பட்டர் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் பரவும்.

பட்டன் பேட்டரியில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கக்கூடியது. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரி, காத்திருந்து பார்க்கக் கூடாது. வீட்டில் சின்னது இருந்தால் ஸ்குரூ போட்டு மூடும் பேட்டரிப் பெட்டியாக வாங்குங்கள்.

மெழுகுவத்தி, அகல்?

கூடாது. அட்டை, பஞ்சு, பசை.

குட்டிப் பூசணி எப்படிச் செய்வது?

மைதாவும் ஃபெவிகாலும் பிசைந்த மாவில் சுண்டைக்காய் அளவு உருட்டி, கத்தி முனையால் வரி போட்டு, கிராம்பின் காம்பைச் செருகினால் பூசணி. இந்த அளவில் அது நிஜத்தில் ஒரு அடிப் பூசணி. அயர்லாந்தில் முதலில் டர்னிப்பைத்தான் குடைந்தார்கள், அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பூசணி.

ஆனால் திண்ணை வீட்டுக்கு ஆரஞ்சுப் பூசணி ஒட்டாது. நம்மிடமே கோர முகம் போட்ட பூசணி இருக்கிறதே! கட்டடம் எழும்புகிற இடத்தில் எல்லாம் முறுக்கு மீசை, பிதுங்கிய கண், தொங்கும் நாக்கோடு திருஷ்டிப் பூசணி தொங்குகிறது. வெளிர் பச்சையில் ஒன்று செய்து, வாசல் நிலையில் கறுப்புக் கயிற்றில் கட்டுங்கள்.

வேலூர்க் கோட்டையையே பேய்க்கோட்டையாகச் செய்யலாமா?

நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார்கள். இரண்டு தரப்பிலும் உயிர்கள் போயின, சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பேயாக்கிப் பள்ளிக்கு எடுத்துப் போவது சரியாகப் படவில்லை. கோட்டைக் கல் மட்டும் வேண்டுமென்றால் முட்டை அட்டையைக் கல் கல்லாகப் பிய்த்து ஒட்டி, சாம்பல் நிறம் அடித்து, உலர்ந்த பிரஷ்ஷில் கொஞ்சம் வெள்ளை தேய்த்தால் கருங்கல் வந்துவிடும். வீட்டுக் கிணற்றடிக்கு அதைப் பயன்படுத்துங்கள்.

வீட்டில் பேய் பொம்மை ஆகாது என்கிறார் மாமியார்.

மாசி அமாவாசையில் பாலாற்றங்கரையில் அங்காளம்மனுக்கு நடக்கும் மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. காளி வேஷம், நாக்கில் ரத்தச் சாயம், எல்லாம் பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக் காட்டியவர்கள்தான் நாம். இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அங்கே அங்காளம்மன் இருக்கிறாள், இங்கே வெறும் பேய்தானே என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாமி அறைப் பக்கம் வைக்காமல், மொட்டை மாடி அறையிலோ வராந்தாவிலோ செய்யுங்கள். தூளியை மட்டும் கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் விட்டுவிடலாம், நம்பிக்கைக்காக இல்லை, மனசு சங்கடப்படக் கூடாது என்பதற்காக.

தீப்பெட்டியில் செய்ய முடியுமா?

முடியும். குடியாத்தம் பக்கம் தீப்பெட்டிக்கே பேர்போனது. 1:144 அளவு எடுத்துக்கொண்டால் 5 சென்டிமீட்டர் பெட்டி 7 மீட்டர் வீடாகும், ஆள் உயரம் 12 மில்லிமீட்டர். அந்த அளவில் ஓடு, கோலம் எல்லாம் பேனா வேலைதான். இழுத்தால் தட்டு வெளியே வருவது இதில் ஒரு வசதி: மூடியபோது வீடு, இழுத்தால் உள்ளே இருப்பது தெரியும். கண் நன்றாக இருக்கும் வயதில் செய்யுங்கள்.

எத்தனை வயதுப் பிள்ளை தனியாகச் செய்யலாம்?

பெயிண்ட், ஓடு ஒட்டுவது, கோலம் எல்லாம் ஏழெட்டு வயதிலேயே செய்யும். கட்டர் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, ஒரே வெட்டில் வெட்டாமல் மெதுவாக மூன்று நான்கு முறை இழுங்கள். அதிக அழுத்தம் கொடுக்கும்போதுதான் கத்தி விரலுக்குத் திரும்புகிறது.

மழையில் பள்ளிக்குக் கொண்டுபோவது எப்படி?

கூரையைத் தனியாகக் கழற்றி ஒரு பையில். வீட்டை அதைவிடப் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, இடுக்குகளில் பழைய துணி. மேலே குப்பைக்குப் போடும் பெரிய கறுப்பு கவர். ஷேர் ஆட்டோ வேண்டாம். மடியில் வைத்தாலும் பக்கத்து ஆளின் முழங்கை திண்ணையை உடைத்துவிடும். பேட்டரியைக் கழற்றிப் பென்சில் பாக்ஸில் போட்டுவிடுங்கள், பள்ளியில் போய் மாட்டிக்கொள்ளலாம். சாய்ந்த தூண் ஒன்று வழியில் உடைந்தால் ஒட்ட வேண்டாம், அப்படியே திண்ணையில் கிடத்திவிடுங்கள்.